மரியாதைக்குப் போட்ட வெள்ளைக் கோடு

காலை ஆறு பத்துக்கு அந்த அழைப்பு வந்தது. அன்று என் மகளுக்குக் கணக்குப் பரீட்சை. அவள் காம்பஸின் முனை மழுங்கியிருக்கிறதா என்று நான் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் பெட்டிக்கடை ஒரு ரூபாய் போனிலிருந்து, எங்கள் குழுவில் முருங்கை வைத்திருக்கும் செந்தாமரை.

"அக்கா, இலை காயப்போடுற கொட்டாயைச் சுத்தி யாரோ வெள்ளைத் தூள் போட்டிருக்காங்க. வரப்புல ரெண்டு பக்கமும் கோடு இழுத்துருக்குது. பாப்பா அங்கதான் உக்காந்திருந்தா. தும்மிக்கிட்டே இருக்குறா, கண்ணு செவந்துடுச்சு."

அன்று பத்து மணிக்கு ஐரோப்பாவிலிருந்து ஆய்வாளர் வருகிறார்.

அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஏழு பேரும், "ஏதாவது அனுபவம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டீர்கள். போன மாதம்தான் வேலையை விட்டேன். ரத்த அழுத்தம் காரணம் என்று மருத்துவர் எழுதினார், நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் இந்தக் காலையை எழுத உட்கார்ந்தபோது அதே அழுத்தம் திரும்பி வந்துவிட்டது. பயமா, உற்சாகமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இரண்டாயிரத்துகளின் நடுவில், ஒரு மார்ச் மாதத்தில் நடந்தது இது. உங்களில் பாதிப் பேருக்கு என் மகளின் வயது. அதனால் கொஞ்சம் அம்மா மாதிரிதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலைமையைச் சொல்கிறேன். அப்போது நம் குழுவில் ஊருக்கு மேற்கே, ஏரிக்கரை ஓரத்துக் கிராமத்து விவசாயிகள் மட்டும்தான் இருந்தார்கள். எல்லோரிடமும் துண்டு துண்டு நிலம். முருங்கை வைத்து, இலையை நிழலில் காயவைத்து, பொடியாக்கி பிரான்சுக்கு அனுப்பினோம். அங்கே அதைப் பெரும்பாலும் குழந்தைகளுக்கான கஞ்சி மாவில் கலந்தார்கள். இயற்கை விவசாயப் பொருள் என்று சொல்லி ஐரோப்பாவுக்குள் ஒன்றை விற்க வேண்டுமென்றால், அங்குள்ள விவசாயிக்கு என்ன சட்டமோ அதற்குச் சமமான கட்டுப்பாடு இங்கேயும் இருக்க வேண்டும். தனித்தனியாகச் சான்றிதழ் வாங்க முடியாத சிறு விவசாயிகளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். குழுவாகச் சேரலாம். ஆனால் அந்தக் குழு தன்னைத் தானே கண்காணிக்க வேண்டும். குழுவுக்குள்ளேயே ஓர் உள் ஆய்வாளர் இருக்க வேண்டும். அந்த வேலைதான் எனக்கு.

அந்த வழியில் வசதியும் உண்டு, கத்தியும் உண்டு. ஒருவர் நிலத்தில் விஷம் பட்டு, அதைக் குழு மறைத்தது என்று தெரிந்தால் சான்றிதழ் எல்லோருக்கும் போகும். மறுபடி வேண்டுமானால் மாற்றக் காலத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மருந்தும் அடிக்காமல், இயற்கை விலையும் கிடைக்காமல் கடந்துவந்த அந்த ஆண்டுகளை இன்னொரு முறை தாங்குகிற தெம்பு அந்த ஊரில் யாருக்கும் இல்லை. செந்தாமரை கரும்பை அழித்துவிட்டு முருங்கை வைத்தவள். அவளுடைய மாமனார் இன்னமும் அவளோடு சரியாகப் பேசுவதில்லை.

போனில் எனக்கு முதலில் வாயில் வந்தது சான்றிதழ் இல்லை. அதற்காக இன்றும் நிம்மதிப்படுகிறேன். "பாப்பாவைத் தூக்கு. துணியைக் கழட்டிப் போட்டுட்டு, கண்ணுல நல்ல தண்ணிய விட்டுக்கிட்டே இரு. தேய்க்காதே. அப்புறம் நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. கொட்டாயை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

திரும்பினால் என் மகள் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் முத்தியால்பேட்டை வீட்டிலிருந்து அவளுடைய பரீட்சை மையம் ஒரு திசை, கிராமம் எதிர்த் திசை. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "நீ வந்தாலும் கேட்டுக்கு வெளியதான நிக்கப்போற? அப்பா நிப்பாரு. நீ போம்மா." திருநீறு கூட வைத்துவிடவில்லை. ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன்.

வழி நெடுக எனக்குள் ஒரே கேள்வி. அது என்ன தூள்?

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளைத் தூளால் கோடு போடுவார்கள். சுண்ணாம்பு இருக்கும், பிளீச்சிங் பவுடர் இருக்கும், சில நேரம் சாக்கடைக்குப் போடுகிற பூச்சிமருந்துத் தூளும் இருக்கும். எது கைக்குக் கிடைக்கிறதோ அது. யாரும் கேட்பதில்லை, கோடு வெள்ளையாக இருந்தால் சரி. முந்தின நாள்தான் பக்கத்து ஊருக்கு ஒரு மந்திரி வந்துபோயிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே கொட்டகை முன்னால் நின்றது. நாலைந்து பேர் கையில் துடைப்பம். ஒருவர் மோட்டார் கொட்டகையிலிருந்து குழாயை இழுத்துக்கொண்டு வருகிறார். நடுவில் ஏழுமலை, வெளுத்த வேட்டி, நெற்றியில் சந்தனம். அவர்தான் குழுத் தலைவர். மரியாதை தெரிந்த மனிதர், அன்றைய எல்லாக் குழப்பமும் அந்த மரியாதையில்தான் தொடங்கியது.

விஷயம் இதுதான். இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா நம் வயலைப் பார்க்க வருகிறார், புழுதியிலா அழைத்துப்போவது என்று ஏழுமலைக்குத் தோன்றியிருக்கிறது. கொம்யூன் பஞ்சாயத்தில் துப்புரவு மேஸ்திரி அவருக்குப் பழக்கம். "மந்திரிக்குச் செஞ்ச மாதிரி நமக்கும் கொஞ்சம் செஞ்சு குடு" என்று சொல்லியிருக்கிறார். மேஸ்திரி விடிவதற்குள் வந்து, கோடு போட்டு, கொட்டகையைச் சுற்றியும் ஒரு வளையம் போட்டுவிட்டுப் போய்விட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சந்திக்கப்போகும் பெரிய ஆபத்துகளில் பாதி, மாலையும் சந்தனமுமாகத்தான் வரும்.

"துடைப்பத்தைக் கீழ போடுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஏழுமலை அருகில் வந்தார். "மேடம், பதறாதீங்க. நேத்து மந்திரிக்குப் போட்ட அதே தூளுதான். வெறும் சுண்ணாம்பு. நேரம் இருக்குது, பெருக்கித் தள்ளிட்டா அந்தம்மாவுக்கு எதுவும் தெரியாது."

"சுண்ணாம்புன்னு மேஸ்திரி சொன்னாரா?"

"சொல்லணுமா? வெள்ளையா இருக்குதே."

மேஸ்திரிக்குப் போன் செய்தோம். அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வேறு எங்கோ சாக்கடையில் இறங்கியிருக்கிறார் என்று கொம்யூன் அலுவலகத்தில் சொன்னார்கள். குனிந்து பார்த்தேன். வரப்புக் கோட்டில் சுண்ணாம்பு வாடை மாதிரி இருந்தது. கொட்டகையைச் சுற்றியிருந்த வளையத்தில் வேறு ஏதோ, பூண்டு கெட்டுப்போன மாதிரி ஒரு நெடி. அதுவும் என் பயத்தில் தோன்றியதா, நிஜமா, சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் அப்போது ஒரு மூத்தவர் இருந்தார். ஐயா என்பதைப் பிரெஞ்சில் சொல்வதுபோல எல்லோரும் அவரை முசே என்றுதான் கூப்பிடுவோம். அன்று அவர் ரயிலில் எங்கோ போய்க்கொண்டிருந்தார், போன் எடுக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்தக் குறையும் இல்லாத ஆய்வு அறிக்கை ஒன்றைப் பெருமையாகக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "ஒரு வருஷம் முழுக்க ஒரு ஆடு கூட யார் வயலிலும் நுழையவில்லையா? அப்படியென்றால் நீ வயலுக்கே போகவில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கொட்டகை முன்னால் நின்றபோது அது ஞாபகம் வந்தது. வரப்போகிற அம்மாவும் குறையில்லாத ஊரைத் தேடி வரவில்லை. குறை வந்தால் இந்தக் குழு அதைப் பார்க்கிறதா, பார்த்தால் என்ன செய்கிறது, அதைத்தான் பார்க்க வருகிறார்.

இப்போது எழுதும்போது தெளிவாக இருக்கிறது. அப்போது அப்படி இல்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், துடைப்பங்கள் இன்னும் கைகளில்தான் இருக்கின்றன. பெருக்கிவிடலாமே என்று எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. பெருக்கினால் தூள் எழும்பி வலைமேல் காய்கிற இலையில்தான் போய் உட்காரும் என்பது அடுத்த கணம் உறைத்தது. தண்ணீர் விட்டால் கரைந்து வேருக்குப் போகும். ஆக இரண்டும் கிடையாது. தெரியாத தூளை விஷம் என்றே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தவுடன் உடம்பில் ஒரு வேகம் வந்தது பாருங்கள், அதை என்னால் விவரிக்க முடியாது.

"சாக்கை நனைச்சுக் கொண்டாங்க. கோட்டு மேல மூடுங்க, மெதுவா. மூக்குல துணி கட்டிக்கோங்க. புள்ளைங்க ஒண்ணு கூட இந்தப் பக்கம் வரக்கூடாது." சுற்றிக் கயிறு கட்டினோம். சுத்தமான பாட்டில்களில் வரப்புத் தூளையும் வளையத்துத் தூளையும் தனித்தனியாக எடுத்து மூடினேன். வரப்பை ஒட்டிய முதல் வரிசை மரங்களில் சிவப்புத் துணி கட்டச் சொன்னேன், இனி சொல்லும்வரை அதில் இலை பறிக்கக் கூடாது. பொடி மூட்டைகள் இருந்த அறை தள்ளி இருந்தது, பூட்டியும் இருந்தது. அது தப்பியது.

மிச்சம் வலைமேல் இருந்த இலை. பெரும்பகுதி செந்தாமரையுடையது. பச்சை மாறாமல் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது, அந்தப் பருவத்திலேயே நல்ல இலை. அதை மூட்டை கட்டி ஒதுக்குங்கள் என்றேன். அப்போது ஏழுமலை, சமாதானமாகத்தான், ஒரு யோசனை சொன்னார். "ஏற்றுமதிக்கு வேணாம்னா விடுங்க மேடம். நம்ம மார்க்கெட்டுல போட்டுடலாம். இங்க யாரு கேக்கப்போறாங்க?"

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. "பிரான்சுல இருக்குற குழந்தை குடிச்சா தப்பு, முத்தியால்பேட்டைக் குழந்தை குடிச்சா பரவாயில்லையாண்ணா? என் பொண்ணுக்கு நான் அந்த மார்க்கெட்டுலதான் கீரை வாங்குறேன்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவரே போய் முதல் சாக்கைப் பிடித்தார். அந்த இடத்தில்தான் அவர் நிஜமாகவே தலைவர் என்று நினைத்தேன்.

மணி பத்தானது. ஆய்வாளரைக் காணவில்லை. ரயில்வே கேட்டில் கார் நின்றுவிட்டதாம். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். மேஸ்திரி போன் எடுக்கவில்லை. செந்தாமரையிடமிருந்து தகவல் இல்லை. கணக்குப் பரீட்சை தொடங்கியிருக்கும். மூன்று பேரை நினைத்து நான் ஒரே கயிற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

கார் வந்தது. அந்த அம்மா கிராமத்து எல்லையிலேயே இறங்கி, கோட்டை ஒட்டி நடந்தே வந்தார். ஐம்பது வயதிருக்கும், முழங்கால் வரை பூட்ஸ். மூடிய ஈரச் சாக்குகளைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், சிவப்புத் துணிகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் பிரெஞ்சில், "இந்தக் கோடு யாருக்காக?" என்று கேட்டார்.

"உங்களுக்காகத்தான் மதாம்" என்றேன். "மரியாதைக்கு."

அவர் சிரிக்கவில்லை. "கோட்டைப் பார்த்துவிட்டேன். நான் வருவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள், அதைச் சொல்லுங்கள்" என்றார்.

ஆறு பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெருக்கப் பார்த்ததை, மார்க்கெட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்ததை, என்ன தூள் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது என்பதை. முசே சொல்வார், ஆய்வாளரிடம் மூன்று வார்த்தை சொல்லத் தெரிந்தால் போதும், "எங்களுக்கு இன்னும் தெரியாது" என்று.

பாதியில் செந்தாமரை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள், இடுப்பில் குழந்தை. கண்ணில் மருந்து விட்டிருக்கிறார்கள், பயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். குழந்தை எங்கள் எல்லோரையும் பார்த்து ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் கிட்டே போய் அதன் கண்களைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மேலே பேசினேன்.

ஆய்வாளர் அவளிடம் என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்: போன் செய்யச் சொன்னது யார்?

"யாரும் சொல்லல" என்றாள் செந்தாமரை. "வேணான்னுதான் சொன்னாங்க. புள்ளை தும்முது, இதுல மறைக்க இன்னா இருக்குது?"

அவர் வயல்களைச் சுற்றிவந்து, பூட்டிய அறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, எங்கள் டீயை வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார். அப்போதுதான் பேச்சு கொஞ்சம் இளகியது. அவரும் விவசாயி வீட்டுப் பெண். அண்ணன் இன்னும் பிரான்சின் மேற்கில் மாடும் கோதுமையும் வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் அங்கே விளைச்சலுக்கு ஏற்ப அரசாங்கம் பணம் கொடுத்ததாம். கொடுக்கக் கொடுக்க வெண்ணெயும் பால்மாவும் கிடங்கில் மலையாகக் குவிந்தது, ஓடைகளில் மருந்தும் உரமும் இறங்கியது. இப்போது மாற்றிவிட்டார்கள். எவ்வளவு விளைந்தது என்பதைவிட, நிலத்தையும் நீரையும் எப்படி வைத்திருக்கிறாய் என்பதற்குத்தான் பணம். ஓடைக்கரையை ஒட்டி ஒரு பட்டை நிலத்தை உழாமல், மருந்து படாமல் புல்லாகவே விட வேண்டும். உழுதுவிட்டால் உதவித்தொகையில் கை வைப்பார்கள். அண்ணன் வருடம் முழுக்க அந்தப் புல்லைத் திட்டிக்கொண்டே காப்பாற்றுகிறாராம்.

நான் மொழிபெயர்த்ததும் ஏழுமலைக்குக் காலையிலிருந்து போயிருந்த உயிர் திரும்ப வந்தது. "பயிர் வைக்காத எடத்துக்கு சர்க்காரு காசு தருதா? அப்ப எங்க பெரியப்பன் மவன்தான் ஐரோப்பாவுலயே பெரிய விவசாயி. அவன் ஒரு காணியும் உழுததில்ல." ஊரே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார், பிறகு எழுந்து வரப்பைக் காட்டினார்.

"உங்களுக்கும் இங்கே ஒரு ஓரம் வேண்டும்" என்றார். "வெள்ளையாக இல்லை, பச்சையாக. பாதைக்கும் மரத்துக்கும் நடுவில் உயிர்வேலி வையுங்கள். அப்புறம் யார் வந்து எதைத் தூவினாலும் முதலில் அது தாங்கும்."

நான் தயங்கித் தயங்கிச் சான்றிதழைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அது சுண்ணாம்பா, விஷமா என்று சோதனையில் தெரியும். விஷம் என்றால் அந்த மூட்டைகள் குழிக்குப் போகும், சிவப்புத் துணி மரங்கள் காத்திருக்கும். ஆனால் என் முடிவு தூளைப் பொறுத்தது இல்லை. தப்பு நடந்தது, குழு அதைத் தானே பிடித்தது, ஒதுக்கியது, என்னிடம் சொன்னது என்று எழுதப்போகிறேன். சான்றிதழ் தொடர நான் பரிந்துரைப்பேன்."

நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். செந்தாமரை நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே குழந்தையை ஒரு முறை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தாள். யாரோ விசில் அடித்தார்கள். என் கைபேசியும் அப்போதுதான் அடித்தது. மகள். "அம்மா, நல்லா எழுதிருக்கேன். உன் பவுடர் இன்னா ஆச்சு?"

ஆனால் ஊர் என்றால் ஊர்தானே. மகிழ்ச்சி அடங்கியதும் முணுமுணுப்பு தொடங்கியது. எப்படியும் சான்றிதழ் கிடைத்துவிட்டது, தூள் வெறும் சுண்ணாம்புதான், மேடம் பயத்தில் நல்ல இலையை மூட்டை கட்டிவிட்டார் என்று ஏழுமலை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சோதனை முடிவு வந்ததும் செந்தாமரைக்கு அந்த இலையை மேடமே தன் கையால் அவிழ்த்துத் தர வேண்டும் என்றார். எனக்கும் சந்தேகம் அரித்தது. அந்த நெடியை நானே கற்பனை செய்துகொண்டேனோ? அவளுடைய உழைப்பை வீணாக்கிவிட்டேனோ?

பிள்ளைகளா, இந்த வேலையில் உங்களுக்கும் இது நடக்கும். சரியான முடிவு எடுத்த அன்றைக்கே அது சரி என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் எப்போதுமே சொல்ல மாட்டார்கள். கையில் இருந்ததை வைத்து முடிவெடுத்தோமா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியதுதான். எனக்கு அன்று அதிர்ஷ்டம், வந்து சொல்ல ஓர் ஆள் வந்தார்.

ஆய்வாளரின் கார் கிளம்பத் தயாரான நேரத்தில், வரப்பு முனையில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி வந்து நின்றது. துப்புரவு மேஸ்திரி. காலையிலிருந்து போனை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தாராம். கயிற்றையும் ஈரச் சாக்குகளையும் பார்த்து அவருக்கு முகம் வாடிவிட்டது, தான் போட்ட கோட்டை யாரோ அவமானப்படுத்திவிட்ட மாதிரி. ஏழுமலை ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தார். "நீயே சொல்லுப்பா இவங்ககிட்ட. நேத்து மந்திரிக்குப் போட்ட அதே சுண்ணாம்புதான?"

மேஸ்திரி வெள்ளைக்கார அம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்:

"இன்னாண்ணே நீ, மந்திரிக்குத்தான் வெறும் சுண்ணாம்பு. வரப்புல அதான் போட்டேன். கொட்டாயைச் சுத்தி நம்ம ஸ்பெஷல் மூட்டையப் பிரிச்சுல்ல போட்டேன், ஆறு மாசத்துக்கு ஒரு எறும்பு கூட உசுரோட அந்தப் பக்கம் வராது."